நாலடித் தொட்டிக்கு எந்த ஷார்க்?

250 லிட்டர் நன்னீர்த் தொட்டியில் இரண்டு குட்டி ஷார்க் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்னீர் மீன் கடைகளில் அந்தப் பெயரில் விற்பவை சுறாக்களே அல்ல. கெண்டை, கெளுத்தி வகைகள். வெள்ளி நிற இரிடெசன்ட் ஷார்க் பங்காசியஸ் கெளுத்தி. மூன்று அங்குலக் குஞ்சு மூன்றடிக்கு மேல் வளரும், மிரண்டால் கண்ணாடியில் மோதிக் காயப்படும். தயவுசெய்து வாங்காதீர்கள். பாலா ஷார்க்கும் ஓரடி வளரும், கூட்டமாக வாழ்வது.

ரெட் டெயில் அல்லது ரெயின்போ ஷார்க் எடுங்கள். ஏறக்குறைய ஆறு அங்குலம்தான். ஆனால் ஒன்றே ஒன்று! இரண்டு விட்டால் வலியது மற்றதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். மற்ற மீன்களை விட்டபின் கடைசியாக இதை விடுங்கள். முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் எல்லையாக்கிக்கொள்ளும். ஒளிய ஒரு குகை, 24–26 டிகிரி வெப்பம், இறுக்கமான மூடி வேண்டும். துணைக்கு எட்டு டைகர் பார்ப் மீன்கள் போதும்.