வெளியூரில் படிக்கும் மகனுக்கு மாதம் எவ்வளவு, எப்படி அனுப்புவது?

கேள்வி: எங்கள் ஊர் திருவாடானை பக்கம். மகனுக்கு 17 வயது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தான். கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. கணவருக்குக் கட்டட வேலை. வேலை இருக்கும் வாரம் பணம் வரும், இல்லாத வாரம் வராது. நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. தனியார் விடுதி கட்டுப்படியாகாது. கோவையில் இருக்கும் நாத்தனார் தன் வீட்டிலேயே தங்கட்டும் என்கிறார். மாதம் எவ்வளவு அனுப்ப வேண்டும்? கடன் வாங்க வேண்டியிருக்குமா?

பதில்: கடன் வேண்டாம். அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அதோடு, பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மூன்றாண்டு இளநிலைப் படிப்பில் இலவசக் கல்வித் திட்டமும் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கச் சொல்லி யாராவது உங்களைத் தாலுகா ஆபீசுக்கு அனுப்பலாம். அந்தச் சான்றிதழுக்குக் கிடைக்கும் கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கானது. பி.எஸ்சி.க்கு அதற்காக அலைய வேண்டாம்.

அப்படியென்றால் தங்குவது, சாப்பிடுவது, கைச்செலவு, இவைதான் மிச்சம்.

கோவையில் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் அரசு கல்லூரி விடுதிக்கு உடனே விண்ணப்பியுங்கள். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். குடும்ப வருமானத்துக்கு வரம்பு உண்டு. மாணவர்களுக்கு வீடு குறைந்தது 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், மாணவிகளுக்கு அந்தத் தூர விதியும் கிடையாது. விடுதிக் காப்பாளரிடமோ மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்திலோ விண்ணப்பம் கிடைக்கும். இடங்கள் அளவானவை, கல்லூரி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

நாத்தனார் நல்ல மனதோடுதான் கூப்பிடுகிறார். விடுதி இடம் கிடைக்கும்வரை அங்கே இருக்கட்டும், பிறகும் காய்ச்சல் வந்தால் அங்கே போகட்டும். ஆனால் மூன்று வருடம் என்பது நீண்ட காலம். அத்தை வீடாகவே இருந்தாலும், இரண்டாவது முறை சோறு கேட்கக் கூச்சப்படும் வயது இது. அங்கேதான் தங்க வேண்டும் என்று ஆனால், மாதம் இவ்வளவு தருகிறோம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அரிசி மூட்டையாகவாவது அனுப்புங்கள். அப்போதுதான் பையன் அந்த வீட்டில் தயங்காமல் உட்கார்ந்து சாப்பிடுவான்.

அடுத்து, அவனுக்கு வர வேண்டிய பணம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இவனைப் போன்ற பையன்களுக்காகவே வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவனுக்கு மாதம் 1,000 ரூபாய். மகளாக இருந்தால், 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண். கல்லூரியிலேயே இதற்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பார், அவர் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். பள்ளியில் அவனுக்குத் தந்த எமிஸ் எண் (மாணவர் அடையாள எண்) கையில் இருந்தால் வேலை சுலபம்.

பலர் கோட்டை விடுவது இன்னொன்று. உங்கள் கணவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா? பதிந்திருந்தால் பிள்ளையின் படிப்புக்கு வருடந்தோறும் உதவித்தொகை உண்டு. விடுதியில் தங்கிப் படித்தால் சற்றுக் கூடுதல். பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் தேர்வுக் கட்டண நேரத்தில் கைகொடுக்கும். அட்டையை எடுத்துத் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்காமல் காலாவதியாகியிருந்தால் உதவி கிடைக்காது.

சரி, மாதம் எவ்வளவு? இலவச விடுதி கிடைத்துவிட்டால், சோப்பு, முடிவெட்டு, கைப்பேசி ரீசார்ஜ், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, எப்போதாவது நண்பர்களோடு ஒரு டீ, இவ்வளவுதான். அரசு தரும் 1,000 போக, நீங்கள் 1,500 ரூபாய் அனுப்பினால் சமாளிக்கலாம் என்பது என் கணிப்பு. முதல் இரண்டு மாதச் செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கணக்குக் கேட்க அல்ல, தொகையை முடிவு செய்ய. ஊருக்கு வந்துபோகும் பேருந்துக் காசை இதில் சேர்க்காமல் தனியாக அவன் கையில் கொடுத்து வையுங்கள். வீட்டுக்கு வரத் தோன்றும் நாளில் காசில்லாமல் நிற்கக் கூடாது.

தொகையைவிடத் தேதி முக்கியம். நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்த நாளில் அப்பா மணியார்டர் அனுப்புவார். தபால்காரர் எந்த நாள் வருவார் என்று எனக்குத் தெரியும். அதனால் மாதம் முழுக்க நிம்மதியாக இருந்தேன். பக்கத்து அறை நண்பனுக்கு அதைவிட அதிகப் பணம் வந்தது, ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டால்தான் வரும். வீட்டு நிலைமை தெரிந்த பையன் கேட்கமாட்டான். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, சாப்பிட்டேன் என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதுவான். அவன் அதைத்தான் செய்தான். உங்கள் வீட்டிலும் வருமானம் ஏறி இறங்கும் என்பதால், வேலை நிறைய இருக்கும் வாரங்களில் இரண்டு மாதப் பணத்தை முன்கூட்டியே உங்கள் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். 5-ஆம் தேதி என்றால் 5-ஆம் தேதி போக வேண்டும்.

பணம் அவன் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைக் கணக்காகக் கேளுங்கள். பள்ளி நாளில் திறந்த பழைய கணக்கு இருந்தால் கவனம் வேண்டும். அரசுப் பணம் ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்கில்தான் விழும். ஊரில் மறந்துபோன பாஸ்புக்கில் பணம் சேர்ந்துகொண்டிருக்க, பிள்ளை கல்லூரியில் வரவில்லை வரவில்லை என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருப்பான். அப்புறம், 18 வயது நிரம்பியதும் வங்கியில் ஆவணங்களும் புதிய கையெழுத்தும் கொடுத்துக் கணக்கை மாற்ற வேண்டும். செய்யாவிட்டால் கணக்கு நின்றுபோகலாம். அந்தப் பிறந்தநாளை முன்பே குறித்து வையுங்கள்.

உங்கள் கணக்கிலிருந்தே அவன் செலவு செய்ய விரும்பினால் யுபிஐ சர்க்கிள் என்ற வசதி இருக்கிறது. மாதத்துக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய்க்குள் நீங்களே வரம்பு வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு டீக்கும் உங்களுக்குத் தகவல் வரும். எனக்கு அதில் விருப்பமில்லை. அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் அவனை எதிரில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். "உன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் கொஞ்ச நாள் கொடு, மாதாமாதம் பணம் தருகிறேன்" என்று கல்லூரிப் பிள்ளைகளைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் ஏமாற்றிப் பறித்த பணத்தை அந்தக் கணக்குகள் வழியாகக் கடத்துவார்கள். போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். கடன் செயலிகளும் அப்படித்தான், இரண்டாயிரத்துக்குத் தொடங்கி, தொடர்பு எண்களையெல்லாம் எடுத்து மிரட்டுவதில் முடியும். அப்படி எதிலாவது மாட்டிக்கொண்டால் திட்டமாட்டோம், உடனே சொல் என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். இணையத்தில் பணம் பறிபோனால் அழைக்க வேண்டிய எண் 1930.

கிளம்பும் முன் சாதி, வருமானச் சான்றிதழ்களை இ-சேவை மையத்தில் வாங்கிவிடுங்கள். ஆதாரில் எந்தக் கைப்பேசி எண் இருக்கிறது என்றும் பாருங்கள். அப்பாவின் எண்ணாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கோவையில் இவன் வங்கி வரிசையில் நிற்கும்போது ஓடிபி அவருடைய போனுக்கு வரும். அவர் சாரத்தின் மேல் நின்றுகொண்டிருப்பார்.