வேலை தேடும்போது கொடுக்க விசிட்டிங் கார்டு எப்படி இருக்க வேண்டும்? நினைவில் நிற்கணும், பகட்டாகவும் தெரியக் கூடாது

கேட்டவர் இப்போதுதான் படிப்பு முடித்தவரா, இருந்த வேலை போனவரா என்று கேள்வியில் இல்லை. இரண்டாவது என்றே வைத்துக்கொள்கிறேன். பகட்டாகத் தெரியுமோ என்ற கவலை புதிதாகப் படித்து வந்தவருக்கு வராது.

நான் சென்னை பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி ஆபரேட்டராக, அதாவது கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்ப்பவளாக இருந்தவள். பில் புக், கல்யாணப் பத்திரிகை, லெட்டர் ஹெட், அப்புறம் ஓயாமல் விசிட்டிங் கார்டு. முதலாளிக்கு வயதாகி, பிள்ளைகளுக்கு இஷ்டமில்லாமல், மெஷினை விற்றுக் கடையை மூடினார். ஊருக்கெல்லாம் கார்டு போட்டுக் கொடுத்த எனக்கு அன்றைக்குத்தான் கார்டு தேவைப்பட்டது.

"லிங்க்ட்இன் இருக்கும்போது கார்டு எதுக்கு" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஐடி வேலை பற்றி எனக்குத் தெரியாது, அதற்கு நான் பதில் சொல்லவும் இல்லை. ஆனால் பாரிமுனையிலும் மாதவரம் பக்கமும் சின்ன அச்சகம், அட்டைப்பெட்டி யூனிட், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துத் தரும் கிளியரிங் ஆபீஸ் நடத்துகிறவர்களில் நான் பார்த்த பலர் போர்ட்டலில் ஆள் தேடுவதில்லை. பேப்பர் கடையில் டீ குடித்துக்கொண்டே "நல்ல கை இருந்தா சொல்லுங்க" என்பார்கள். பயோடேட்டாவை யாரும் கடை மேஜையில் வைத்திருக்க மாட்டார்கள். கார்டு என்றால் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் சொருகிவிடுவார்கள். நீங்கள் அங்கே இல்லாதபோது உங்களுக்காகப் பேசப் போவது அதுதான்.

நினைவில் நிற்கிற விஷயத்துக்கு வருகிறேன். தம்பு செட்டித் தெருவில் கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸில் இருந்த ஒரு பையன் முன்பு எங்களிடம் கார்டு அடிக்க வந்தான். வேறு இடம் தேடிக்கொண்டிருந்தான். கப்பல் படம், கிரேன் படம், பூமி உருண்டை எல்லாம் போனில் எடுத்து வந்திருந்தான். "தம்பி, உன்கிட்ட ஜி கார்டு இருக்கா?" என்று கேட்டேன். பரீட்சை எழுதித் தேறிவிட்டதாகச் சொன்னான். புரோக்கரிடம் வேலை செய்பவர்களுக்குக் கஸ்டம்ஸ் கொடுக்கும் அடையாள அட்டைகள்தான் இந்த ஜி கார்டும் எச் கார்டும். எச் கார்டு வைத்திருப்பவர் கூடமாட வேலை செய்யலாம். சரக்குப் பத்திரங்களில் கையெழுத்துப் போட ஜி கார்டாவது வேண்டும். அந்தத் தொழிலில் இருக்கும் எவரும் முதலில் கேட்பது அதைத்தான். கப்பலை எடுத்துவிட்டுப் பெயருக்குக் கீழே "ஜி கார்டு, இறக்குமதி கிளியரன்ஸ்" என்று ஒரே வரி போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போனான். அவனுக்குக் கப்பல் வேண்டும்.

என் கார்டிலும் அதே வழிதான். வெள்ளை அட்டை, கறுப்பு எழுத்து. என் பெயர், "தமிழ் டைப்செட்டிங், ப்ரீபிரஸ்" (அச்சுக்குப் போகும் முன் ஃபைலைத் தயார் செய்யும் வேலை), போன் நம்பர். மூலையில் ஒரே ஒரு ரெஜிஸ்ட்ரேஷன் மார்க்: வட்டமும் நடுவில் கூட்டல் குறியும். அச்சில் நான்கு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் போடும் குறி அது. வழக்கமாக வெட்டி எறியும் ஓரத்தில்தான் இருக்கும். வெளியாள் பார்த்தால் ஏதோ லோகோ என்று நினைப்பார். அச்சுக்காரன் பார்த்தால் "இதை ஏம்மா உள்ளே போட்டிருக்கே" என்று கேட்பான். அந்த ஒரு கேள்வி போதும், பேச்சு ஆரம்பித்துவிடும். கட்டிங் மாஸ்டரிடம் மட்டும் இரண்டு தடவை சொல்லி வைத்தேன், குறியைப் பார்த்து அதோடு வெட்டிவிடப் போகிறாரே என்று.

எனவே உங்கள் தொழிலில் இருப்பவருக்கு மட்டும் புரிகிற ஒன்று எது என்று யோசியுங்கள். வெல்டரா? எந்த வகை வெல்டிங், எந்தப் பொசிஷன் வரைக்கும் தேறியிருக்கிறீர்கள் என்று போடுங்கள். அக்கவுண்ட்ஸ் என்றால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் நீங்களே போடுவீர்களா என்பது. தங்க நிறப் பார்டர் யாருக்கும் நினைவிருக்காது. "வேலை தேடுகிறேன்" என்றும் அச்சடிக்காதீர்கள், வேலை கிடைத்த மறுநாள் அந்தக் கட்டு குப்பை. வேலை இல்லாத நேரத்தில் "ஃபவுண்டர் அண்ட் சிஇஓ" என்று போட்டுக்கொள்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர்களுக்கும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

முகவரியில்தான் வீட்டில் தகராறு வந்தது. என் கொழுந்தனார், "அண்ணி, வியாசர்பாடின்னு போடாதீங்க. பெரம்பூர்னு போடுங்க, ஒட்டித்தானே இருக்கு" என்றார். வடசென்னையில் எங்கள் ஏரியா பெயரைக் கேட்டாலே சிலர் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் அவருக்கு, கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய பயோடேட்டாவிலும் பெரம்பூர்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் "வியாசர்பாடி, சென்னை 39" என்றே போட்டேன். வீட்டு எண், தெரு போடவில்லை. வேலை தேடும் கார்டில், அதுவும் பெண்கள் கார்டில், அது வேண்டவே வேண்டாம். ஆனால் ஏரியா பெயரை மறைத்து வாங்குகிற வேலையில் என்றைக்காவது ஒருநாள் வீடு எங்கே என்று கேட்பார்கள் இல்லையா?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பக்கம் ஒரு பெரிய ஆபீஸில் இன்டர்வியூ. முதல்நாள் ராத்திரி நல்ல மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டது. மழைக்கு அது நிரம்புவது எங்களுக்குப் புதிதா? சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. உள்ளே இருந்தவர் என் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நார்த் மெட்ராஸா, அதான்" என்றார். அதான் என்றால் எது? சுரங்கப்பாதையை நானா தோண்டினேன்? அந்த மழையில் அவர் பக்கத்துத் தெருக்களிலும் முழங்கால் தண்ணீர் நின்றதே. அதற்கு யாரும் "அதான்" சொல்வதில்லை.

சரி, கார்டுக்கு வருவோம். நம்மூரில் வழக்கமான அளவு மூன்றரைக்கு இரண்டு அங்குலம். வட்டம், சாவி வடிவம், வீட்டு வடிவம் எதுவும் வேண்டாம், கார்டு ஹோல்டரில் நிற்காது. அட்டையின் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், 300 ஜிஎஸ்எம் தாராளம். ஆயிரம் அடிக்காதீர்கள். டிஜிட்டலில் நூறு போதும், நம்பரோ மெயிலோ மாறும். ஆயிரம் ரேட் மலிவாக வருவது பலருடைய கார்டை ஒரே ஷீட்டில் சேர்த்து ஓட்டுவதால்தான். பக்கத்துக் கார்டு அடர் சிவப்பாக இருந்தால் உங்கள் கார்டின் கலரும் அதற்கேற்ப அசையும்.

பளபள லேமினேஷனை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. வாங்கியவர் அதன் பின்னால் பேனாவால் "செவ்வாய் கூப்பிடணும்" என்று எழுத முடியாது, வழுக்கும். முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டால் எழுதலாமே என்பார்கள். கடற்காற்று ஊரில் வெறும் பக்கம் ஈரம் குடித்து அட்டை வளைந்துவிடும். ஒன்றுமே போடாத ஐவரி போர்டு நல்லது. மழையில் நனையும் என்று பயந்தால் இரண்டு பக்கமும் பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போடுங்கள், பால்பாயின்ட் ஓரளவு எழுதும்.

எழுத்துக்குச் சுத்தக் கறுப்பு மட்டும். நான்கு கலரும் கலந்த கறுப்பில் சின்ன எழுத்து வைத்தால், மெஷினில் மயிரிழை தள்ளினாலும் ஓரத்தில் கலர் நிழல் விழும். திரையில் கண்ணைப் பறிக்கும் நீலம் அச்சில் ஊதா அடிக்கும், அச்சகத்தைத் திட்டாதீர்கள். தமிழை ஏழு பாயின்ட்டுக்குக் கீழே இறக்க வேண்டாம். சுழிகள் அடைத்துக்கொள்ளும், ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்திருந்தால் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது ஃபான்ட் தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். இல்லையென்றால் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உங்கள் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். க்யூஆர் போடுவதாக இருந்தால் நேரடி லிங்க்கை வைத்துப் போடுங்கள். இலவசமாகச் செய்து தருகிறோம் என்னும் சில தளங்களில் ட்ரயல் முடிந்ததும் அந்தக் க்யூஆர் செத்துவிடும்.

எனக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. அட்டை வாங்க வந்த மாதவரம் பெட்டிக் கம்பெனிக்காரர் ஒருவர், பேப்பர் கடைக் கண்ணாடிக்கு அடியில் அந்த வட்டத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். கார்டால்தான் என்று சொல்ல மாட்டேன். கடைப் பெரியவர் "நம்ம சந்துல இருந்த பொண்ணு, தமிழ்ல தப்பு விடாது" என்று கூடவே சொன்னாராம். சம்பளம் பழைய இடத்தைவிடப் பெரிதாகக் கூடிவிடவும் இல்லை.

கடைசியாக, கட்டாயமாக: அச்சுக்குக் கொடுக்கும் முன் ப்ரூஃபில், அதாவது சரிபார்க்கத் தரும் மாதிரியில் இருக்கும் நம்பரைப் பார்த்து இன்னொருவர் போனிலிருந்து டயல் செய்யுங்கள். உங்கள் போன் அடிக்கணும். ஓகே என்று நீங்கள் கையெழுத்துப் போட்டபிறகு தெரியும் தப்புக்கு எந்த அச்சகமும் சும்மா மறுபடி அடித்துத் தராது. நானும் தந்ததில்லை.