கடைசி நால்வரில் ஒருவராக இருக்கும்போது: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டத்து நண்பர்கள் சிலர் சனிக்கிழமை இரவுகளில் அஞ்சடியில் உட்கார்ந்து, பணம் வைக்காமல் போக்கர் போட்டி ஆடுகிறோம். முதலிடத்துக்கு 50 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 30, மூன்றாமிடத்துக்கு 20. ஆண்டு முடிவில் ஆகக் குறைந்த புள்ளி எடுத்தவர் எல்லாருக்கும் ஆட்டுக்கறி சமைத்துப் போட வேண்டும். சென்ற வாரம் நான்கு பேர் மிஞ்சியபோது ஆளுக்கு 2,500 சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) இருந்தது. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்ட வேண்டிய தொகை, சின்னது 100, பெரியது 200. என் மச்சான் கையிலிருந்த அத்தனையையும் தள்ளினார். பெரிய பிளைண்டைக் கட்டியிருந்த நான், வேறு வேறு இனமான ஏஸும் ராஜாவும் வைத்திருந்ததால், என் சிப் அத்தனையையும் வைத்து ஏற்றுக்கொண்டேன். அவரிடம் எட்டு ஜோடி, அதாவது இரண்டு எட்டுகள், இருந்தது. நான் வெறுங்கையோடு எழுந்தேன். அதிர்ஷ்டம் இல்லை என்கிறேன் நான். ஏற்றதே தவறு என்கிறார் அவர். யார் சொல்வது சரி?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பெரும்பாலும் உங்கள் மச்சான் சொல்வதுதான் சரி. ஏஸும் ராஜாவும் எட்டு ஜோடியை எதிர்த்தால் நூற்றுக்குச் சுமார் 45 முறைதான் வெல்லும் என்பதை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். அவர் சீட்டு உங்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது உங்கள் சிப்பின் மதிப்பு.

நால்வரிடமும் சமமாகச் சிப் இருக்கும்போது, பகிரப்படவிருக்கும் 100 புள்ளிகளில் ஒவ்வொருவரின் பங்கும் 25. நீங்கள் வென்று 5,000 சிப் சேர்த்திருந்தால் பங்கு 50 ஆகியிருக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள், ஆனால் அது 38.3 மட்டுமே ஆகும், ஏனென்றால் மொத்தச் சிப்பையும் வாரிக்கொண்டாலும் 50 புள்ளிக்கு மேல் யாருக்கும் கிடைக்காது; நீங்கள் ஒருவரை வெளியேற்றியதால் வரும் நன்மையில் ஒரு பகுதி, கை கட்டி உட்கார்ந்திருந்த மற்ற இருவருக்கும் போய்விடுகிறது. ஆக, 25ஐப் பணயம் வைத்து 13.3ஐத் தேடியிருக்கிறீர்கள். அதற்கு நூற்றுக்கு 65 முறையாவது வெல்ல வேண்டும். ஏற்கெனவே வைத்துவிட்ட 200 சிப்பைக் கணக்கில் சேர்த்தாலும் அந்த எல்லை 60க்குக் கீழே இறங்காது.

இந்தக் கணக்கை ஐசிஎம் (Independent Chip Model) என்பார்கள். முதலிடம் பெறும் வாய்ப்பு சிப்பின் அளவுக்கு நேர்விகிதமாக இருக்கும் என்று கொண்டு, முதலிடத்தவரை நீக்கிவிட்டு மிஞ்சியவர்களுக்கு அதே கணக்கைத் திரும்பப் போட்டு இரண்டாமிடத்தையும், அதே வழியில் மூன்றாமிடத்தையும் காண்பார்கள். இதற்கு அடிப்படை, ஹார்வில் என்பவர் 1973இல் குதிரைப் பந்தயத்துக்காக எழுதிய சூத்திரம். ஈப்போ பந்தயத் திடல் பக்கம் போய்வந்தவர்களுக்கு இதன் போக்கு எளிதில் பிடிபடும்.

இனி உங்கள் சீட்டுக்கு வருவோம். எதிராளி கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சீட்டையும் தள்ளுபவராக இருந்தால், உங்கள் ஏஸும் ராஜாவும் நூற்றுக்குச் சுமார் 65 முறை வெல்லும். அப்போது ஏற்பது நியாயம். அவர் ஜோடிகளையும் பெரிய ஏஸ்களையும் மட்டுமே தள்ளுபவர் என்றால் அந்த வாய்ப்பு எல்லைக்கு வெகு கீழே இறங்கிவிடும். ஆகவே நீங்கள் எடைபோட வேண்டியிருந்தது மச்சானின் பழக்கத்தை. இத்தனை மாதம் எதிரே உட்கார்ந்து ஆடியவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

அவர் எட்டு ஜோடியைத் தள்ளியதில் தவறில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தள்ளுபவருக்கு வெல்ல இரண்டு வழி உண்டு: மற்றவர்கள் ஏற்காமல் சீட்டைப் போட்டுவிடலாம், அல்லது மோதலில் அவர் சீட்டு நிற்கலாம். ஏற்பவருக்கு இரண்டாவது வழி மட்டும்தான். அதனால்தான் ஒரே சீட்டைத் தள்ளலாம், ஆனால் அதைக்கொண்டு ஏற்கக் கூடாது என்ற நிலை இந்தக் கட்டத்தில் அடிக்கடி வருகிறது.

பணம் வைக்காமல் ஆடுவது நல்லது. மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. நாட்டில் உரிமம் பெற்ற கெசினோ கெந்திங் மலையில் மட்டுமே உள்ளது.

கேள்வி: அப்படியானால், சிப் குறைந்துபோனவர் மற்றவர்கள் மோதி வெளியேறும்வரை பொறுமையாக இருப்பதுதான் நல்லதா?

பதில்: அது உங்களைவிடக் குறைவாக வைத்திருப்பவர் மேசையில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஒருவர் 300 சிப்போடு இருக்க, அடுத்த ஆட்டத்தில் பெரிய பிளைண்ட் அவருக்கு வருகிறது என்றால், 700 சிப் வைத்திருக்கும் நீங்கள் நல்ல சீட்டையும் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். நீங்களே ஆகக் குறைந்தவர் என்றால் காத்திருப்பது மெதுவாகத் தோற்பதுதான். நால்வர் ஆடும் ஒரு சுற்றுக்கு 300 சிப் கரைகிறது; இரண்டு சுற்றில் 100 மிஞ்சும், அதை இரட்டிப்பாக்கினாலும் ஒரு பெரிய பிளைண்டுக்குத்தான் வரும். பத்துப் பெரிய பிளைண்டுக்கும் கீழே வந்துவிட்டால், பொதுவாக, அத்தனையையும் தள்ளுங்கள் அல்லது சீட்டைப் போட்டுவிடுங்கள். 200 கட்டி எட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். 'எல்லாம் போனால் என்ன செய்வது' என்ற பயத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவுக்குச் சிப் கையில் இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும்.

கேள்வி: கடைசி இருவர் ஆடும்போதும் இந்த 65 கணக்கு பொருந்துமா?

பதில்: பொருந்தாது. இருவருக்கும் 30 புள்ளி உறுதியாகிவிட்டது. மிச்சமுள்ள 20 புள்ளிக்குத்தான் 10,000 சிப்பும் போட்டியிடுகின்றன, எனவே ஒவ்வொரு 500 சிப்புக்கும் சரியாக ஒரு புள்ளி. இங்கே பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பிருந்தாலே ஏற்கலாம். நால்வராக இருந்தபோது பழகிய அச்சத்தை இங்கும் சுமந்து வந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் பிளைண்டை விட்டுக்கொடுப்பவர்கள்தான் அதிகம். இருவர் ஆட்டத்தில் டீலர் பொத்தான் (சீட்டுப் பகிரும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) வைத்திருப்பவரே சின்ன பிளைண்டைக் கட்டுவார். எல்லாருக்கும் பொதுவாக மேசை நடுவில் விரிக்கும் பொதுச் சீட்டு விழுவதற்கு முன் அவர் முதலில் ஆட வேண்டும், விழுந்த பிறகு கடைசியாக ஆடுவார். இந்த வசதி கைக்கு வரும் ஆட்டங்களில் பெரும்பாலான சீட்டுகளை ஆடிப் பாருங்கள்.