சாரத்தை எப்போது பிரிப்பது?

மதிப்பிற்குரிய ஐயா,

கொடுங்கையூர் முத்தமிழ் நகரிலிருந்து எழுதுகிறேன். பி.எட். முடித்துவிட்டு ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாலையில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். கல்வி உளவியலில் பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர், ஸ்கின்னர் எல்லாரும் எனக்குக் குழம்பிவிடுகிறார்கள். எளிதாக நினைவில் வைக்க ஏதாவது வழி உண்டா? எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றா? படித்ததை நடைமுறைப்படுத்தலாம் என்று டியூஷன் பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என மூன்று பாயில் உட்கார வைத்திருக்கிறேன். இது சரியா? எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இருக்கிறான். பள்ளியில் அவனை மெல்லக் கற்கும் மாணவர் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வைகாட்ஸ்கி சொன்ன சாரக்கட்டு முறைப்படி நான் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொரு படியாக உதவுகிறேன். என்னிடம் எல்லாக் கணக்கையும் சரியாகப் போடுகிறான். பள்ளித் தேர்வில் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வருகிறான். இதெல்லாம் தகுதித் தேர்வில் கேள்வியாக வராது, ஆனாலும் கேட்கிறேன்.

எஸ்., கொடுங்கையூர்

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். சில வாரங்களுக்கு முன்பு தண்டையார்பேட்டையில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, எதிர் வீட்டு மாடியில் நடந்த டியூஷனை மாலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் உண்மையாக உழைத்தார். ஒரு பிள்ளையையும் அடிக்கவில்லை, ஒரு வசைச்சொல்லும் இல்லை. ‘இந்தப் பக்கம் கூட்டல் போடு, இப்போது அதை அந்தப் பக்கம் கொண்டுபோ, குறியை மாற்று, இப்போது வகு’ என்று அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகளின் பேனாக்கள் ஓடின. எல்லார் நோட்டிலும் சரியான விடை இருந்தது. அங்கே அன்று கணக்குப் போட்டவர் ஒரே ஒருவர்தான் என்ற எண்ணம் வீடு வந்து சேர்ந்த பிறகும் என்னை விடவில்லை. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பெயர்களை நினைவில் வைக்கக் குறுக்கு வழி கேட்கிறீர்கள். தகுதித் தேர்வின் 150 கேள்விகளில் 30 இந்தப் பகுதியிலிருந்து வருகின்றன என்பதும், அந்த முப்பதுக்கு வேண்டிய சூத்திரங்களைக் கடைக்குக் கடை விற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என்னிடம் அவை கிடைக்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். பியாஜேயும் வைகாட்ஸ்கியும் ஒரே ஆண்டில், 1896-இல் பிறந்தவர்கள். பியாஜே, குழந்தை தன் கைக்கு எட்டிய உலகத்தோடு தானே மல்லுக்கட்டிப் புரிந்துகொள்வதை உற்றுப் பார்த்தார். வைகாட்ஸ்கி, அதே குழந்தை விவரம் தெரிந்த இன்னொருவரின் பக்கத்தில் இருக்கும்போது என்னென்ன செய்கிறது என்று பார்த்தார். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இருவரையும் மாற்றி எழுத மாட்டீர்கள்.

எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றல்ல. வீட்டுப்பாடத்தை முடித்தால் அம்மாவின் நச்சரிப்பு நின்றுவிடும் என்பதற்காக ஒரு பிள்ளை மறுநாளும் சீக்கிரம் முடிக்கிறது என்றால் அது எதிர்மறை வலுவூட்டல். பிடிக்காத ஒன்று விலகியதால் ஒரு செயல் கூடுகிறது. தண்டனை என்பது செயலைக் குறைப்பது. வலுவூட்டல் என்று பெயர் இருந்தால் செயல் கூட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று பாய்களையும் இன்றைக்கே சேர்த்துப் போடுங்கள். பார்த்துக் கற்பவருக்குப் படமாகவும் கேட்டுக் கற்பவருக்குச் சொல்லாகவும் பிரித்துக் கொடுத்தால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று, பாஷ்லர் முதலான நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி 2008-இலேயே எழுதிவிட்டார்கள். முக்கோணத்தைப் பற்றிச் சொல்லும்போது எல்லாருக்கும் முக்கோணத்தை வரைந்து காட்டத்தான் வேண்டும். ‘நீ கேட்டுக் கற்பவன்’ என்று சொல்லி ஒரு பிள்ளைக்கு மட்டும் அதை மறைத்துவிடுவீர்களா? நல்லெண்ணத்தில் செய்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. பிள்ளைகளைத் தரம் பிரிப்பவர்கள் எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறார்கள்.

இனி அந்தப் பையன்.

சாரக்கட்டு வைகாட்ஸ்கி சொன்னதல்ல. அவர் 1934-இல், முப்பத்தேழு வயதில், காசநோயில் இறந்துபோனார். கட்டடம் எழும்வரை சாரம் கட்டிப் பிறகு பிரிப்பதுபோல் பிள்ளைக்கு உதவுவது என்ற அந்த உருவகம் ஊட், புரூனர், ராஸ் என்ற மூவர் 1976-இல் வெளியிட்ட ஆய்வின் வழியாகப் பரவியது. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் முப்பது பேரிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்து, அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பிரமிடாக்கச் சொன்னார்கள். உடனிருந்து கற்பித்த பெண்ணுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட விதி, குழந்தை தானே செய்யக்கூடியதை எல்லாம் அதுவே செய்ய விட்டு, தடுமாறும் இடத்தில் மட்டும் நுழைய வேண்டும் என்பது. மூன்று வயதுக் குழந்தைகளிடம் அவர் பெரும்பாலும் கவனத்தை விளையாட்டிலிருந்து வேலைக்கு இழுத்துக்கொண்டிருந்தார். நான்கு வயதினரிடம் வாயால் சொல்லித் திருத்தினார். ஐந்து வயதினரிடம் அவருக்கு மிஞ்சியது, அவர்கள் கட்டியதைச் சரிபார்த்துத் தருவது மட்டும்தான். பிள்ளை முன்னேற முன்னேற ஆசிரியரின் வேலை குறைந்துகொண்டே வந்தது. நீங்கள் படித்த வழிகாட்டிப் புத்தகத்தில் சாரம் கட்டுவது இருக்கும், பிரிப்பது ஒரு வரியில் கடந்துபோயிருக்கும்.

வைகாட்ஸ்கி சொன்னது அண்மை வளர்ச்சி மண்டலம்: குழந்தை தனியாகச் செய்யக்கூடியதற்கும் துணையோடு செய்யக்கூடியதற்கும் நடுவே உள்ள இடைவெளி. அதற்கு அவர் தந்த எடுத்துக்காட்டைப் பலரும் படிப்பதில்லை. பத்து வயதுக் குழந்தைகள் இருவரைச் சோதிக்கிறோம். தனியாக விட்டால் இருவரும் எட்டு வயதுக்குரிய கணக்குகளைத்தான் போடுகிறார்கள். பள்ளிக்கூடம் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடும். வைகாட்ஸ்கியோ ஒரு சிறு குறிப்பைக் கொடுத்தும், முதல் படியைத் தொடங்கி வைத்தும் பார்க்கச் சொல்கிறார். அப்போது ஒரு குழந்தை ஒன்பது வயதுக்குரியதுவரை போகிறது, மற்றது பன்னிரண்டு வயதுக்குரியதுவரை போகிறது. இருவரும் சமம் என்று இனி எப்படிச் சொல்வது? உங்கள் பையன் உங்கள் பக்கத்தில் இருக்கும்போது எல்லாவற்றையும் போடுகிறான் என்றால், பள்ளியின் பட்டியல் அவனை அளக்கவே இல்லை என்று தெரிகிறது. இதுவரை நீங்கள் செய்தது சரி. ஆனால் வைகாட்ஸ்கி அந்த இடத்தில் நிறுத்தவில்லை. இன்று துணையோடு செய்வதை நாளை குழந்தை தனியாகச் செய்யும் என்பதால்தான் அந்த மண்டலத்துக்கே மதிப்பு என்கிறார். உங்கள் மாடியில் அந்த நாளை வரவே இல்லை. நாள்தோறும் இன்றுதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் தெரு முனையில் ஒரு கேரம் மன்றம் இருந்தது. பலகைக்கு மேல் தாழத் தொங்கும் ஒற்றை பல்பு, சுற்றிலும் பீடிப் புகை. துறைமுகத்தில் மூட்டை இறக்கும் அண்ணன் ஒருவர் எனக்கு ஆடச் சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் என் மணிக்கட்டைப் பலகையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, விரல் மட்டும் அசைய விடுவார். பிறகு கையை விட்டுவிட்டு, ஸ்ட்ரைக்கர் பலகையின் ஓரக் கட்டையில் எந்த இடத்தில் மோத வேண்டுமோ அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவார். அதுவும் நின்று, நான் தவறான காயைக் குறிவைக்கும்போது ஒரு கனைப்பு மட்டும் வரும். கடைசியில், தெருப் போட்டியில் என் முறை வரும் நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவார். என்னைக் கைவிட்டுவிட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் கட்டையில் மோதித் திரும்பி வந்து காயைத் தள்ளும் அடியை நான் முதன்முதலாக முயன்று சொதப்பிய அன்று, கூப்பிடாமலே வந்து மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தார். பிள்ளை தடுமாறினால் உதவியைக் கூட்டு, செய்துவிட்டால் குறை என்று ஊட் பிற்பாடு வகுத்துச் சொன்ன முறை இதுதான். அந்த அண்ணனை உயர்த்திப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. தன் சொந்த மகனுக்கு அவர் எதையும் இப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை, அடிக்கத்தான் செய்வார். ஆனால் 2024-இல் புதுவண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கியதாகச் செய்தி வந்தபோது, நம் பக்கத்துத் தெருக்களில் கைப்பிடித்துத் தொடங்கிக் கைவிட்டு முடிக்கும் ஒரு கற்பித்தல் நெடுங்காலமாக நடந்துவருகிறது என்பதை எண்ணிக்கொண்டேன். பலகையில் அது நடக்கிறது, நோட்டுப் புத்தகத்துக்கு வந்தால் ஏன் நடப்பதில்லை?

கேரம் போட்டியில் உங்கள் முறையை இன்னொருவர் வந்து அடித்துத் தர முடியாது. டியூஷனில் முடியும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உங்கள் முன்னால் அவன் சரியாகப் போடுவதைக் கண்டு, கற்றுவிட்டான் என்று முடிவுகட்டுகிறீர்கள். அந்த நேரத்துச் செயல்பாடு வேறு, கற்றல் வேறு. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-இல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பத்தியை இரண்டாம் முறையும் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு முறை மட்டும் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவுக்கு வந்ததை எழுதிப் பார்த்தவர்கள் அப்போது சற்றுப் பின்தங்கினார்கள். ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 தான். தானாக நினைவைத் துழாவி எடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவைப் பதிக்கிறது. உங்கள் பையன் துழாவுவதற்கு முன்பே நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுகிறீர்கள். தேர்வு அறையில் அவனை முதன்முறையாகத் துழாவச் சொல்கிறார்கள்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் உளவியலாளர் பாண்டுரா 1977-இல் நான்கு வழிகளைச் சொன்னார். அவற்றில் பிறர் தட்டிக்கொடுப்பதும் ஒன்று, ஆனால் மிக வலுவானது ஒரு காரியத்தைத் தானே செய்து முடித்த அனுபவம். உங்கள் பையனுக்கு நோட்டு நிறையச் சரி குறிகள் இருக்கின்றன, அந்த அனுபவம் ஒன்றுகூட இல்லை. அவனுக்கே தெரியும், அவை எல்லாம் அக்கா போட்ட கணக்குகள். செலிக்மன், மேயர் என்ற உளவியலாளர்கள் 1967-இல் நாய்களை வைத்துச் செய்த சோதனையை நீங்கள் படித்திருப்பீர்கள்: தவிர்க்கவே முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தாண்டித் தப்பிக்க வழி இருந்தபோதும் அசையாமல் படுத்துக்கொண்டன. அதற்குக் கற்றுக்கொண்ட இயலாமை என்று பெயர் வைத்தார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே இருவரும் தங்கள் விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள்: அசையாமல் கிடப்பது கற்றுக்கொண்டதல்ல, அதுதான் உடலின் முதல் எதிர்வினை, தன் செயலால் ஏதாவது மாறும் என்பதைத்தான் உயிர் கற்க வேண்டியிருக்கிறது. நாய்க்கு நடந்ததைப் பையன் மேல் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. இருந்தாலும் அந்த வெற்றுத் தாளைச் சோம்பல் என்று நினைக்கும் முன்பு, தன் கையால் ஒன்று நடக்கும் என்பதை அவன் எங்கே கற்றிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளியில் பட்டியல், மாடியில் நீங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஏன் கையை எடுப்பதில்லை என்று எனக்குப் புரிகிறது. மாதம் பிறந்தால் பணம் தருபவர்கள் நோட்டைத்தான் திறந்து பார்க்கிறார்கள். நோட்டில் தவறு இருந்தால் ‘அங்கே ஒன்றும் சொல்லித்தருவதில்லை’ என்று அடுத்த தெருவுக்குப் பிள்ளையை மாற்றிவிடுவார்கள். நோட்டின் அழகுதான் உங்கள் வருமானம்; அதனால் பிள்ளையின் தவறு உங்கள் தவறாகிவிடுகிறது, தவறு விழும் முன்பே பிடித்துவிடுகிறீர்கள். ஆனால் இதை வைகாட்ஸ்கியின் பெயரில் செய்யாதீர்கள். பிழைப்புக்காகச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஓர் எண்ணை ஐந்தால் பெருக்கி ஏழைக் கழித்தால் 18 வருகிறது, அந்த எண் எது என்பது கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கை எல்லாப் படிகளோடும் நீங்களே முழுதாக எழுதிக் காட்டுங்கள்: 5x − 7 = 18, ஏழைக் கூட்டினால் 5x = 25, ஐந்தால் வகுத்தால் x = 5. இரண்டாம் கணக்கில் எண்களை மாற்றி, கடைசிப் படியை மட்டும் எழுதாமல் விடுங்கள். மூன்றாவதில் கடைசி இரண்டு படிகளையும் விட்டுவிடுங்கள். நான்காவதில் கேள்வியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள்; துணி எடுங்கள், தண்ணீர் பிடியுங்கள், அவன் முகத்தைப் பார்க்காமல் இருங்கள், ஏனென்றால் இந்தப் பிள்ளைகள் விடையை நம் முகத்தில் படிப்பதில் தேர்ந்தவர்கள். சிக்கிக்கொண்டு கூப்பிட்டால் விடையைச் சொல்லாமல், ‘கடைசியாக என்ன செய்தாய்?’ என்று மட்டும் கேளுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால் ஒரு படி எழுதிக் கொடுங்கள், ஒன்றுதான். அடுத்த நாள் புதுப் பாடத்தைத் தொடங்கும் முன்பு, நோட்டை மூடிவைத்து, நேற்றைய கணக்கு போலவே ஒன்றைத் துண்டுத் தாளில் போடச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம்.

தவறாகப் போட்டதை அடித்து அழகாக மறுபடி எழுதவைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அவன் எந்தப் படியில் வழுக்குகிறான் என்பது அந்தத் தவறில்தான் எழுதியிருக்கிறது. அதை அழித்துவிட்டால், எங்கே கை கொடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

தொடங்குவதற்கு முன்பு அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இனி கொஞ்ச காலம் நோட்டில் தவறுகள் தெரியும், அவை எல்லாம் உங்கள் பிள்ளை சொந்தமாகப் போட்ட கணக்குகள் என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் சுளித்தால் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். கட்டணத்தை மட்டும் குறைக்காதீர்கள்.

அன்புடன்.