ஆறாவது மேசையும் அம்மாவின் யன்னலும்

கேள்வி: மட்டக்களப்பு புளியந்தீவில் நூறு வருசத்துக்கு மேற்பட்ட எங்கள் சீதன வீட்டில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறோம். பின்வளவில் 24 அடிக்கு 15 அடி கூரை இறக்கி ஆறு மேசை போட விருப்பம். பழைய சுவரிலேயே போல்ட் அடித்துச் சட்டத்தைப் பிடிக்கலாம் என்கிறார் மேசன். அம்மாவின் அறை யன்னல் இடையில் வருகிறது, அதைக் கல்லுக்கட்டி அடைத்துவிடுவோம். தகரம் நல்லதா, ஓடு நல்லதா?

பதில்: தகரமும் ஓடும் பிறகு, மகள். யன்னலை அடைப்பதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மேசன் சொன்னது கடிதத்தில் இருக்கிறது. அந்த அறையில் படுக்கிறவ என்ன சொன்னா என்று இல்லை. கேட்கவே இல்லைப்போல. மட்டக்களப்பில் ஒரு தாய் மகளுக்கு வீட்டை எழுதிக்கொடுப்பது, கடைசிக் காலத்தில் அதே கூரைக்குக் கீழ் நிம்மதியாய் மூச்சுவிட. வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். அம்மாவுக்குச் சீவிய உரித்து, அதாவது உயிருள்ளவரை வீட்டை அனுபவிக்கும் உரிமை, வைத்து எழுதியிருந்தால் இது சட்டப் பிரச்சினையும்தான்.

சுவருக்கும் அந்த யன்னல் வேண்டும். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி, காற்றுப்பட்டுக் காயும். வாவிக்கரையில் ஈரத்தோடு உப்பும் ஏறும். சீமெந்தால் அடைத்தால் ஈரம் பக்கத்துப் பழஞ்சாந்துக்குத் திரும்பி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிரும். பூஞ்சணம் முதலில் பிடிப்பது அம்மாவின் கட்டில் பக்கம்.

போல்ட்டும் வேண்டாம். இறுக்க இறுக்க அது விரிந்து பழைய செங்கல்லை வெடிக்கவைக்கும். வெடிக்காவிட்டாலும், காற்றில் கூரை எம்பி எம்பி ஓட்டையை அகலமாக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட ஊருக்கு இதைச் சொல்லவேண்டுமா!

கூரை தன் காலில் நிற்கட்டும். சுவரிலிருந்து 3 அடி தள்ளி, எட்டடிக்கு ஒன்றாக நாலு தூண், எதிர்ப்பக்கம் நாலு. கூரையின் அகலம் 15 அடியிலிருந்து 12 ஆகும். குழி இரண்டரை அடிச் சதுரம், 3 அடி ஆழம், 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கொங்கிறீற் நிறைய. ஒவ்வொன்றும் ஒன்றேகால் தொன் வரும். பக்கம் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும்; அதைப் பிடித்துவைக்கத்தான் இந்தப் பாரம். சுவரோடு ஒட்டிக் கிண்டினால் பழைய அத்திவாரத்துக்கு அடியில் மணல் சரியும். மாரிக்கு முன் கிண்டுங்கள், பிந்தினால் குழியில் தண்ணி ஊறும். இரும்புத் தூணைக் கொங்கிறீற்றில் புதைக்கவும் வேண்டாம். உப்புக்காற்றில் தரையோடு சேரும் இடம்தான் முதலில் அரிக்கும். அரை அடி உயர்த்திய பீடத்தில் தட்டுவைத்து இறுக்குங்கள்.

வீட்டுப்பக்கம் 10 அடி உயரம், வெளிப்பக்கம் 8. அந்தச் சரிவுக்குத் தகரம் போதும். ஓட்டுக்கு இன்னும் செங்குத்தான கூரையும் கனத்த மரமும் வேண்டும். சூடு தணிய மேலே கிடுகு வேயலாம், அடுப்புப் புகைபோக்கி கிட்ட இருந்தால் கூடாது. மணிக்கு 50 மில்லிமீற்றர் மழைக்கு இந்தக் கூரையில் 1,300 லீற்றருக்கு மேல் தண்ணி விழும். பீலி வைத்து வடிகானுக்கு விடுங்கள். சுவரோர 3 அடிக்குச் சீமெந்து பூசாமல் சல்லி பரப்புங்கள்.

பாதுகாக்கப்பட்ட கட்டடமாக வர்த்தமானியில் வந்ததா என்று தொல்பொருள் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். மாநகர சபைக்கு வரைபடம் போகமுன் அது அம்மாவின் கைக்குப் போகவேண்டும். ஆறாவது மேசைக்கு இனி இடமில்லை, ஐந்து போடுங்கள்.