குறைந்த நெல் யார் கணக்கில்?

அன்புள்ள அக்கா,

கல்முனையில் நாலு பேர் சேர்ந்து சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையின் நெல் கொள்வனவைக் கணினிக்கு மாற்றும் வேலை கிடைத்திருக்கிறது. தராசும் ஈரப்பதன் மானியும் நேரே கணினியோடு இணையும், விவசாயியின் காசு வங்கிக்குப் போகும். இப்படியான வேலைகளில் வரும் அபாயங்களை எப்படிச் சமாளிப்பது? முதலாளி கிழமைக்கொரு யோசனை சொல்கிறார், கரண்ட் வேறு போகிறது. பாதுகாப்புக்காக ஒப்பந்தத்தில், 'கணினி காட்டும் நிறையே இறுதியானது. வேறுபாடு வந்தால் தராசுப் பொறுப்பாளரே பொறுப்பு' என்று போட்டிருக்கிறோம். இது போதுமா?

க., கல்முனை

அன்புள்ள தம்பி,

கரண்டுக்கு யூ.பி.எஸ். வாங்குங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்ன பிறகு, அதற்கு மேல் நான் என்ன சொல்ல? தரவுக்கு இன்னொரு பிரதி எடுத்து, வலையமைப்பில் தொடுக்காமல் தனியே வையுங்கள். 2023இல் தரவைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் வந்து, அரசாங்கத்தின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல்களே இல்லாமல் போயின. தனியே வைத்த பிரதி இருக்கவில்லை.

எனக்குத் தூக்கம் போனது உங்கள் அந்த ஒப்பந்த வரியால்தான்.

என் அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் கடையின் கூரைத் தகரம் போய், சீனியும் மாவும் பில் புத்தகங்களும் ஒன்றாய்க் கரைந்தன. தலைமைக் காரியாலயத்துப் பேரேடு மட்டும் நனையவில்லை. அதில் இருந்த இருப்புக்கும் கடையில் மிஞ்சியதற்கும் வித்தியாசம் பார்த்தார்கள். நனைந்து கழித்த சாக்குகளை ஒப்புக்கொண்டார்கள். அதற்கு மேலும் ஒரு குறைவு நின்றது. புயலுக்கு முன்னரே விற்ற சாமான்தான் அது, ஆனால் விற்றதைக் காட்ட அப்பாவிடம் ஒரு துண்டுகூட இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் கழித்தார்கள். அவரைக் கள்ளன் என்று ஒருவரும் சொல்லவில்லை. 'கணக்கு அப்படிச் சொல்லுது, நாங்க என்ன செய்ய' என்றுதான் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் வந்த சாக்கு ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதி, அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார். அம்மா சிரிப்பா.

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது அதே வசனம். படித்த பிள்ளைகள் நாலு பேர் இருந்து யோசித்து, ஆலையில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிறவன் தலையில் முழு அபாயத்தையும் இறக்கி வைத்துவிட்டு, பாதுகாப்பு என்கிறீர்கள். யாருக்குப் பாதுகாப்பு?

பிரித்தானியத் தபால் நிலையங்களில் இதை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 1999இல் ஃபியுஜிட்சு என்ற கணினி நிறுவனத்தின் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் அங்கே வந்தது. மாலையில் கணக்கு முடித்தால் பணம் குறைகிறது என்று காட்டும். குறைவை உப தபாலதிபரே கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். உதவி கேட்டு அழைத்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி.' 2015 வரைக்கும் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளானார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். ஃபியுஜிட்சுவின் ஆட்கள் தூர இருந்தே கிளைக் கணக்கை மாற்றக்கூடியதாக இருந்தது. அப்படி முடியாது என்றே தபால் நிறுவனம் நெடுங்காலம் சாதித்தது. அலன் பேட்ஸ் என்ற உப தபாலதிபர் முன்னின்று 555 பேராகச் சேர்ந்து வழக்குப் போட்டு, 2019 டிசம்பரில் நீதிபதி பிழை மென்பொருளில் இருந்தது என்று தீர்த்தார். தண்டனைகளை மொத்தமாக நீக்க 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. மென்பொருளில் பிழை இருந்தது பெரிய அதிசயமில்லை, எல்லாவற்றிலும் இருக்கும். பிழை வந்தால் யார் கட்டுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்ததால், பிழையைத் தேட ஒருவருக்கும் அவசரம் இருக்கவில்லை.

உங்கள் ஆலையை யோசியுங்கள். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. மெசினால் வெட்டின ஈர நெல் லொறி லொறியாய் வந்து நிற்கும். 14 வீதத்துக்கு மேல் ஈரம் என்று மானி காட்டினால் நிறையில் கழிப்பீர்கள். மானி இரண்டு வீதம் கூட்டிக் காட்டினால் வட்டைக்குள் கிடந்து விளைவித்தவன் எதைக் கொண்டு வழக்குப் பேசுவான்? நெல் ஏற்கெனவே உங்கள் குவியலில் கலந்துபோயிற்று. ஆகவே நிறை, ஈரம், கழித்த அளவு மூன்றையும் அச்சிட்ட துண்டு, லொறி கேற்றைத் தாண்டுமுன் அவன் கையில் இருக்க வேண்டும். குறுஞ்செய்தி போதாது, அதே கணினிதானே அதையும் அனுப்புகிறது. கணக்கைத் திருத்தினால் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்று அழியாமல் பதிய வேண்டும். நீங்கள் கல்முனையில் இருந்து உள்ளே போய்த் திருத்தினாலும் சரிதான். ஒரு போகம் முழுக்கப் பழைய கணக்குப்பிள்ளையின் கொப்பியும் கணினியும் பக்கம் பக்கமாக ஓடட்டும். முதலாளி இரட்டைச் செலவு என்று கத்துவார், கத்தட்டும். வித்தியாசம் வரும் ஒவ்வொரு நாளும் முதலில் உங்கள் நிரலைத் தேடுங்கள், பிறகு தராசை. தராசில் நிற்கிற பொடியனை ஆகக் கடைசியில்.

அபாயப் பட்டியல் கேட்டீர்கள். நாற்பது வரி எழுதி, சிவப்பு மஞ்சள் பச்சை பூசி ஒரு எக்செல் செய்வீர்கள், எனக்குத் தெரியும். செய்யுங்கள். ஒவ்வொரு வரிக்கும் நேரே 'நட்டம் வந்தால் யாருக்கு' என்று ஒரு கட்டம் மட்டும் கூடப் போடுங்கள்.

ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவை வெட்டிவிட்டு எனக்கு அனுப்புங்கள், வாசிக்கிறேன். முதலாளி கிழமைக்கொரு யோசனை சொன்னால் அதை எழுத்தில் வாங்கி, விலையும் எழுதிக் கொடுங்கள். பாதி யோசனை அதிலேயே நின்றுவிடும். முற்பணம் வாங்கினீர்களா, இல்லையா? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் காணோம்.