ஒரே இரவில் 14 பேருக்கு வயிற்றுப்போக்கு: கல்ச்சரில் ஒன்றும் இல்லையென்றால் வைரஸா?

வணக்கம். உங்கள் முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து 14 பேருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தியோ காய்ச்சலோ இல்லை, மலத்திலுள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் சால்மொனெல்லாவும் ஷிகெல்லாவும் வரவில்லை, அப்படியானால் வைரஸ்தானே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு அப்படி முடிவு கட்டாதீர்கள். நோரோவைரஸ் என்றால் பெரும்பாலும் வாந்தி தூக்கலாக இருக்கும், பணியாளர்களும் அடுத்தடுத்துப் படுப்பார்கள். எனக்கு முதல் சந்தேகம், உணவு வழியாக வயிற்றுப்போக்கு தரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா. வழக்கமான கல்ச்சரில் இதைத் தேடுவதில்லை. இதன் நச்சைப் பார்க்கச் சொல்லி ஆய்வகத்திடம் தனியாகக் கேளுங்கள். நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்த மலம் வேண்டும். மீந்த உணவு இருந்தால் கொட்டிவிடாமல் குளிரில் வையுங்கள்.

அப்புறம் சமையலறை. இறைச்சியோ குழம்போ ஆழமான பாத்திரத்தில் ஆறவிட்டார்களா? கொதியைத் தாண்டிப் பிழைக்கும் இந்த பாக்டீரியாவின் ஸ்போர்கள் (கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவம்), மேலே ஆடை கட்டி ஆறியது போலத் தெரியும்போதும் நடுவில் வெதுவெதுப்பாகவே கிடக்கும் அந்தக் குழம்பில்தான் முளைத்துப் பெருகும்.

யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற பட்டியலில் நோய் வராதவர்களையும் கட்டாயம் சேருங்கள். ஒப்பிட அவர்கள் இல்லாவிட்டால் எந்த உணவு என்று பிடிக்கவே முடியாது.

அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு சி.டிஃபிசில் (ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியா) பரிசோதனையும் செய்யுங்கள். ஆல்கஹால் ஜெல் இதன் ஸ்போர்களைக் கொல்லாது, கை கழுவ சோப்பும் தண்ணீரும்தான் சரி.

சுகாதாரத் துறைக்கு இன்றே சொல்லிவிடுங்கள். வயதானவர்கள் தாகம் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள், ஓஆர்எஸ் கொடுங்கள், சோர்ந்து துவண்டால் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.